குளிர் காலையில் நிற்காத எஞ்சின்

கியூஆர் கோட் காட்டி, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பெற்றோல் வாங்கிய காலம் அது. அந்த டிசம்பரில் மூன்று நாட்களாகக் கற்பிட்டிப் பக்கம் சூரியனே தெரியவில்லை. கடல் பக்கமிருந்தும் களப்புப் பக்கமிருந்தும் மாறி மாறிக் காற்று வந்தது. வெயிலுக்குப் பழகிய எங்கள் வீட்டில் போர்வை போதாமல், அலுமாரியில் இருந்த சாரங்களையெல்லாம் எடுத்துப் போர்த்துக்கொண்டோம்.

அந்தக் குளிரில் என் இரண்டரை வயது மகளுக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. முதல் நாள் மாலை ஊர் ஆஸ்பத்திரியில் அவளுடைய மூக்கில் மருந்துப் புகை பிடித்தார்கள். காலையிலேயே புத்தளம் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் டொக்டரிடம் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். கணவர் கட்டாரில். மாமிக்கு முழங்கால் வருத்தம். சுபஹ் தொழுதுவிட்டு, மகளைப் பின்னால் அவளுடைய சின்ன இருக்கையில் வைத்துப் பட்டி போட்டு, நானே காரை எடுத்தேன்.

அந்த வாரத்துப் பெற்றோலை ஏற்கெனவே அடித்து முடித்திருந்தேன். இருப்பதை வைத்து அறுபது கிலோமீற்றர் போகலாம் என்று திரை காட்டியது. புத்தளத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து. போய்ச் சேர்ந்தால் போதும், திரும்பி வருவதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது சரிதானா என்று வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை யோசித்தேன்.

எங்களுடையது ஹைபிரிட் கார். மெதுவாகப் போகும்போதும் எங்காவது நிற்கும்போதும் எஞ்சின் தானாகவே நின்றுவிடும். கார் சத்தமில்லாமல் பற்றரியில் போகும். எஞ்சின் நின்றால் பெற்றோல் மிச்சம் என்பதுதான் கணவர் எனக்குச் சொல்லித்தந்த ஒரே பாடம். எனக்கு அந்த அமைதி பிடித்ததற்குக் காரணம் வேறு. எஞ்சின் நின்றதும் பின்னால் மகள் மூச்சு விடுவது கேட்கும்.

“உம்மா, குளிருது” என்றாள் மகள்.

ஏசி குமிழில் சிவப்புக் கோடு போட்ட பக்கம் ஒன்று உண்டு. கார் வந்த நாளிலிருந்து நான் அதை அந்தப் பக்கம் திருப்பியதில்லை. எங்கள் ஊரில் யார் திருப்புவார்? அன்று கடைசி வரை திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் இளஞ்சூடாகக் காற்று வந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பில் அந்தக் குமிழையே மறந்துவிட்டேன்.

வீதி முழுக்கப் பனிப்புகார். தென்னைகள் நிறமில்லாமல் நின்றன. காற்றாலைகளின் இறக்கைகள் மேகத்துக்குள் போய் மறைந்து மறைந்து வெளியே வந்தன. எங்கள் கார் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, உலகம் இன்னும் படுக்கையிலேயே கிடப்பது போல இருந்தது. அந்த மயக்கத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். எஞ்சின் நிற்கவேயில்லை. மாடு ஒன்று வீதியைக் கடக்கக் காத்து நின்றபோதும் அது உறுமிக்கொண்டே இருந்தது.

திரையைப் பார்த்தேன். பதினைந்து கிலோமீற்றர்தான் வந்திருந்தோம். அறுபதாக இருந்தது முப்பத்தைந்தாகியிருந்தது. இன்னும் முப்பது போக வேண்டும். பற்றரி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். காரை நிறுத்தி அணைத்து மறுபடி எடுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. திரும்பவும் அப்படியே செய்தேன். ஆலங்குடாவுக்குத் திரும்பும் சந்திக்கு வந்தபோது முப்பத்தொன்று. வீட்டுக்குத் திரும்புவதா, போவதா? நடுவழியில் நின்றுவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? எஞ்சின் சத்தத்தில் அவள் மூச்சுக் கூட எனக்குக் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தித் துஆ ஓதிக்கொண்டிருந்தேன்.

ஆலங்குடாப் பக்கமிருந்து வந்த வான் ஒன்று எங்களைக் கடந்து போய் நின்றது. சாரதி இறங்கி வந்தார். நான் அவசரமாகக் கதவுகளைப் பூட்டினேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். இரண்டடி தள்ளியே நின்றார், தூறலில் நனைந்துகொண்டு.

“என்ன தங்கச்சி, வாகனம் நிண்டுட்டா?”

கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, அண்ணன் முறை வைத்தே பேசினேன். “இல்ல நானா. எஞ்சின் நிக்குதே இல்ல. எண்ணெய் முடியப் போகுது. புள்ளைக்கு முட்டு, புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போறன்.”

அவர் கொஞ்சம் குனிந்தார். அந்த இடைவெளியால் போன சூடு அவருடைய முகத்தில் பட்டிருக்கும்.

“உள்ளுக்குப் பாண் சுடுற போறணை மாதிரியில்ல இரிக்கு. ஹீட்டர் போட்டிரிக்கீங்களா?”

“புள்ளைக்குக் குளிருது எண்டு...”

“இந்தக் கரையில அதைத் திருப்பின முதல் ஆள் நீங்கதான்.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காருக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. அந்தச் சூடு எஞ்சின்ல இருந்துதான் வருது. நீங்க முழுசாக் கேட்டிரிக்கீங்க, அது நிக்காம எரிச்சுத் தருது. வெள்ளைக்காரரை ஏத்திக்கிட்டு நுவரெலியா மலைக் குளிருக்குப் போனா, வீட்டில இரிக்கிற என்ட ஹைபிரிட் காரும் இப்பிடித்தான் குடிக்கும்.”

குளிர் காலையில் எஞ்சின் சூடாகவே வழமையை விட நேரமெடுக்கும், பற்றரியும் கொஞ்சம் சோம்பலாகத்தான் இருக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அதுவரை நான் என் கையால் திருப்பியதை மறந்துவிட்டுக் காரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இவரையும்தான்.

“அப்ப அணைச்சிடவா?”

“வேணாம், புள்ள நடுங்கும். நடுவுக்குக் கொண்டு வாங்க, காத்தைக் குறைங்க. பறக்காம ஒரே அளவாப் போங்க. நான் பின்னால வாறன். நிண்டா என்ட வான் இரிக்குத்தானே.”

அதன் பிறகு என் கண்ணாடியில் இரண்டு மஞ்சள் விளக்குகள் இருந்தன. புகாருக்குள் மங்கும், திரும்பத் தெளியும், காணாமல் போகாது. பாலாவியை நெருங்கும்போது உப்பளங்கள் வந்தன. தண்ணீர்ப் பாத்திகளும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது கீழே, எது மேலே என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் நின்றது. கார் தண்ணீருக்கு மேல் மிதப்பது போலப் போனது.

அந்த அமைதியில் மகளின் மூச்சு கேட்டது. இழுப்பு இருந்தது. ஆனால் சீராக, நித்திரையில் விடுகிற மூச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது திரை எட்டுக் கிலோமீற்றர் காட்டியது. மகளைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்லத் திரும்பினேன். வான் அதற்குள் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முன்கண்ணாடிக்குள், விமானநிலையத்தில் பயணிகளை அழைக்கப் பிடிக்கும் பெயர் அட்டை ஒன்று சாய்ந்து கிடந்ததை அப்போதுதான் கண்டேன். விமானநிலையத்துக்குப் போகிறவர் பாலாவிச் சந்தியிலேயே தெற்கே திரும்பியிருக்க வேண்டும்.

மகளுக்கு இரண்டு நாட்களில் சுகமாகிவிட்டது. நான் எல்லாவற்றுக்கும் அளவுக்கு மீறிப் பதறுகிறேன் என்று வீட்டில் இப்போதும் சொல்வார்கள். ஓம், பதறுகிறேன்தான். அப்போதெல்லாம் அந்தக் குளிர் காலையில் நிற்காமல் ஓடிய எஞ்சினை நினைத்துக்கொள்வேன்: வழமையை விடக் கூடுதலாக எரிவதெல்லாம் பழுது இல்லை, பின்னால் ஒரு பிள்ளை குளிராமல் தூங்குவதற்காகவும் அது எரியலாம்.