தெரியவில்லை என்று சொல்லும் பெட்டி

பவானி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சித்தியவானில் ஒரு கோழிக் கொட்டகைக்குள் ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய அண்ணன் போனில் அனுப்பிய இரண்டு வரிகள். என் கையிலிருந்த, மின்சாரம் பார்க்கும் டெஸ்ட் பேனா கீழே எருவில் விழுந்தது. "அண்ணே, என்னமோ போட்டுட்டீங்க," என்றார் பண்ணைக்காரர். இறங்கி எடுத்துத் துடைத்தேன். அன்று நான் பழுது பார்த்துக்கொண்டிருந்ததும் பவானி செய்த பெட்டிதான். பாதியில் விட்டுவிட்டுப் போனால் அவரே திட்டுவார் என்று தோன்றியது. முடித்துவிட்டுத்தான் ஈப்போவுக்குக் கிளம்பினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அவருடைய அண்ணன் கேட்டார். நான் வயர்மேன். மூன்றாம் படிவம் வரை படித்தவன், அதிலும் பாதி நாள் பள்ளிக்கு வெளியே. தெரியாததைத் தெரிந்தவன் மாதிரி பேசுவதில் மட்டும் பட்டதாரி. "எங்கப்பாகிட்ட எதைக் கேட்டாலும் பதில் வரும், சரியான்னு மட்டும் கேக்காதீங்க," என்று என் மகள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இதில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தியதும் அவள்தான். மற்ற பிழைகள் என்னுடையவை.

பவானியை அறிந்தவர்களுக்கு அவருடைய பெட்டியும் தெரிந்திருக்கும். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் தானே வடிவமைத்து, தானே பற்றவைத்துச் செய்வார். பண்ணைகளில் கொண்டுபோய் மாட்டுவது என் வேலை. இப்போதைய கோழிக் கொட்டகைகளுக்கு ஜன்னல் கிடையாது. விசிறிகள் நின்றால் உள்ளே கோழிகள் அரைமணி நேரம் தாங்காது. பெட்டி விசிறியையும் வெப்பத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கும். பண்ணைக்காரர் போனில் பிரௌசரைத் திறந்தால் கொட்டகையின் வெப்பநிலையைக் காட்டும், ஆபத்தென்றால் போன் அலறும். தனியாக ஆப் எதுவும் போனில் போட வேண்டாம். அதுதான் பவானியின் பெருமையாக இருந்தது. பிறகு அதுவே தலைவலியாகவும் ஆனது.

பிரௌசர் செய்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள். வங்கிக் கணக்கைத் திருடுகிறவனை மனதில் வைத்து ஆண்டுக்காண்டு பூட்டைக் கூட்டுகிறார்கள். சுங்கை சிப்புட்டில் ஒரு கோழிக் கொட்டகை இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதலில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தால் "பாதுகாப்பற்றது" என்று மேலே ஒரு வரி வந்தது. பவானி அதற்குப் பூட்டுப் போட்டார். உடனே முழுத் திரைக்கும் எச்சரிக்கை வர ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டேன்.

"நம்ம பெட்டிக்கு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்ண்ணே. வீட்டுலயே பாஸ்போர்ட் அடிச்சு இமிகிரேஷன்ல நீட்டுனா விடுவானா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "எச்சரிக்கை வந்தால் பயப்படாமல் கீழே உள்ளதை அமுக்கி உள்ளே போகவும்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, பண்ணைக்குப் பண்ணை ஒட்டினேன். பவானி அதைப் பார்த்ததும் நகத்தால் சுரண்டி எடுத்தார். "இன்னிக்குக் கோழிக்காக அமுக்குவாங்க, நாளைக்குத் திருடன் பக்கத்துலயும் அமுக்குவாங்க. புரியாததுக்குச் சரின்னு சொல்லப் பழக்காதீங்கண்ணே." அந்தப் பாடத்தை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுங்கை சிப்புட்டில் மாணிக்கம் அண்ணன் பழைய தோட்டத்து நிலத்தில் கோழி வளர்த்தார். ஒருநாள் போன் செய்தார்.

"வேலு, போன்ல புதுசா ஏதோ கேக்குது. பக்கத்துல இருக்கற சாமானோட பேசறதுக்கு அனுமதி குடுக்கவான்னு. என்னா அமுக்க?"

"வேணாம்னு அமுக்குங்கண்ணே. புரியாததுக்கு அனுமதி குடுக்கக்கூடாது."

"நிச்சயமா லா?"

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிரௌசர் புதிதாக மாறியிருந்தது. இணையத்திலிருந்து வரும் ஒரு பக்கம் வீட்டுக்குள் இருக்கும் கருவியோடு பேச வேண்டுமானால், இனி வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் பேசும். பவானியின் பக்கம் இணையத்திலிருந்து வருவது. பேச வேண்டிய கருவி கொட்டகையில் இருந்த பெட்டி. நான் அடைக்கச் சொன்னது பவானியின் பெட்டியின் வாயைத்தான். அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் மதியம் இடி, மழை. விசிறிகளின் பிரேக்கர் விழுந்துவிட்டது. தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் விசிறி நின்றது வீட்டுக்குக் கேட்கவில்லை. மாணிக்கம் அண்ணன் சோற்றுக்கு முன்னால் போனைப் பார்த்தார். இருபத்தெட்டு டிகிரி. சாப்பிட்ட பிறகும் பார்த்தார். இருபத்தெட்டு. அது முதல் நாள் எண்.

நானும் பவானியும் போய்ச் சேர்ந்தபோது மாணிக்கம் அண்ணனின் மனைவியும் பிள்ளைகளும் செத்த கோழிகளைத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பவானி போனை வாங்கி இரண்டு இடத்தில் அமுக்கி, அனுமதி மறுத்திருப்பதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் இருந்திருக்க வேண்டும்.

"என்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார் மாணிக்கம் அண்ணன்.

"என் தப்புண்ணே. பெட்டியோட பேச முடியலன்னா பழைய நம்பரையே காட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி செஞ்சு வச்சிருக்கேன். தெரியலன்னு சொல்லத் தெரியாத பெட்டி."

மாணிக்கம் அண்ணன் அன்று சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. படித்த திமிர் என்பதுதான் அவற்றில் சாதுவானது. பவானி குனிந்தபடி திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். நான் அமுக்கச் சொன்னதால் வந்த வினை என்பதைச் சொல்லாமல், பக்கத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். குஞ்சு கொடுக்கும் கம்பெனி பிறகு அந்தக் கொட்டகைக்குக் குஞ்சு அனுப்பவில்லை. மாணிக்கம் அண்ணன் இன்று வேறொருவரின் லோரி ஓட்டுகிறார்.

திரும்பும் வழியில் காருக்குள், "பிரௌசர்காரன் மேல பழியப் போட்டிருக்கலாமே தங்கச்சி," என்றேன்.

"அவன் கதவப் பூட்டினான். பூட்டினது சரிதான். பூட்டு வரும்னு நினைக்காம கட்டினது நான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "நீங்க தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு எனக்குப் போன் பண்ணியிருப்பாருண்ணே," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த சில மாதங்கள் எங்களுக்குப் பண்ணை பண்ணையாக அலைச்சல். பெட்டிகளைத் தூரத்திலிருந்து திருத்த முடியாது, நேரில் போய்க் கேபிள் மாட்டித்தான் திருத்த வேண்டும். எந்த பிரௌசரின் தயவும் இல்லாமல் கத்தும்படி ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வீட்டுக்கு வயர் இழுத்து ஒரு சைரன் மாட்டினோம். ஒரு நிமிடம் தகவல் வராவிட்டால் போனில் எண் அழிந்து, "தெரியவில்லை" என்று வரும்படி பவானி மாற்றி எழுதினார். பலர் பெட்டியே வேண்டாம் என்றார்கள். அவர்களிடமும் வாசலில் நின்று விளக்கிவிட்டுத்தான் வந்தார்.

கோப்பெங்கில் ஒரு பண்ணையில் பவானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வெறும் வாயுதான் தங்கச்சி, சுடுதண்ணி குடிங்க, சரியாயிடும்," என்றேன். பட்டதாரி அல்லவா! அவரும் சுடுதண்ணீர் குடித்துவிட்டு எழுந்து கேபிளை மாட்டினார். மருத்துவமனைக்குப் போனபோது புற்றுநோய் எங்கெங்கோ பரவியிருந்தது. முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

அவர் விட்டுப்போனதில் மூன்று பெட்டிகள் பாக்கி. செய்தி வந்தபோது நான் முடித்துக்கொண்டிருந்தது அதில் ஒன்று. மற்ற இரண்டையும் அவருடைய கேபிளை வைத்துப் போன வாரம் முடித்தேன். கடைசிப் பெட்டியில் வயரைப் பிடுங்கி ஒரு நிமிடம் காத்திருந்தேன். எண் அழிந்து அந்த வார்த்தை வந்தது.

அங்கிருந்து நேராகச் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். லோரியைக் கழுவிக்கொண்டிருந்த மாணிக்கம் அண்ணனிடம், அன்று நான் வேணாம்னு அமுக்கச் சொன்னதில்தான் பெட்டியின் வாய் அடைந்தது, அந்தக் கோழிகள் செத்தது என்னால், பவானிக்கு அது தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு லோரிப் படியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ண நான் பேசின பேச்சுக்கு, இப்ப யாருகிட்டடா போயி நிப்பேன்?"

"தெரியலண்ணே," என்றேன்.

பவானியிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு வார்த்தைதான். அவர் இருந்தபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும்.