மூன்றாவது குழாயின் மூடி

பயிற்சியில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருமே வீட்டில் முதல் பட்டதாரிகள்; விண்ணப்பத்தின் முதல் நிபந்தனையே அதுதான். ஒரு மாதம் வேலூரில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். கடைசி நாள் தேர்வு. அதில் முதலாவதாக வரும் ஒருவருக்கு ஐதராபாத் ஆய்வகத்தில் இரண்டு வருட இடம். மற்ற ஐந்து பேரும் வீட்டுக்குப் போகலாம். எனக்கு வீடு ஆம்பூரில். பெண் பார்க்க வருகிறவர்களை அம்மா அந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தான் நிறுத்தி வைத்திருந்தாள்.

விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘தனியார் நிறுவன ஊழியர்’ என்று எழுதியிருந்தேன். அது பொய் இல்லை. ஆய்வகத்தில் யாராவது கேட்டால் “லெதர் கம்பெனி ஆபீஸ்ல இருக்காரு” என்றேன். அது பொய். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர். பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்த என் அறைத்தோழிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். “இன்னாடி, உங்கப்பாவுக்கு ஏசி ரூமு குடுத்துட்டாங்களா?” என்று தனியாக இருக்கும்போது கேட்பாள்.

இரண்டாவது வாரம் மேஜையைத் துடைத்த ஸ்பிரிட் பட்டு என் குழாய்களில் எழுதியிருந்த எண்கள் அழிந்துவிட்டன. சுண்டு விரலில் ஒரு கணு உயரம்தான் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாய்கள். நான்கும் ஒன்றுபோல நின்றன. எது யாருடைய இரத்தத்திலிருந்து எடுத்தது என்று சொல்ல முடியவில்லை. பயிற்சியை நடத்திய மேடம் நான்கையும் கொட்டச் சொன்னார்.

“அடையாளம் இல்லாத குழாய் குப்பைதான். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க பரீட்சைக்கே உக்கார வேணாம்.”

அன்றிரவு என்ன செய்தால் அழியாது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். வேறு பேனா. மேலே ஒட்டும் டேப். மூன்றாவதாகத் தோன்றியதை எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டேன். தோல் ஷாப்பில் மையால் குறி போடுவதில்லை, சுண்ணாம்பு தின்றுவிடும். கத்தி முனையால் தோலின் வால் பக்கம் பொத்தல் போடுவார்கள். முதல் லாட்டுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. எத்தனை நாள் ஊறினாலும் அந்தக் குறி போகாது.

தேர்வு நாளில் நான்கு பேரின் மாதிரிகளைக் கொடுத்தார்கள். இரத்த நோய்க்குக் காரணமான மாற்றம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் தாவணி ஊக்கைக் கழற்றி மூடிகளின் மேல் குத்தினேன். ஓட்டை விழக் கூடாது, பள்ளம் மட்டும். ஒரு பள்ளம், இரண்டு, மூன்று, நான்கு. மூன்றாவது மூடியில் கடைசிக் குத்து கொஞ்சம் மெத்தென்று இறங்கியது. நேரமில்லை. அப்படியே இயந்திரத்தில் வைத்தேன். குழாய்களைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பத் திரும்பச் சூடாக்கும் இயந்திரம் அது.

இரண்டரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது என் மூன்றாவது குழாய் காய்ந்து கிடந்தது.

மேடம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் ஒப்பந்த ஊழியர். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இருவரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

“மிஷினோட மேல் மூடியை இறுக்கினீங்களா, இல்லையா?”

“இறுக்கினேன் மேடம்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. இனிமே உங்களை வச்சுக்கிட்டு நான் இன்னா பண்றது?”

அவர் இயந்திர மூடியின் திருகைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார்.

நான் ஊக்கால் குத்தியதைப் பார்த்திருந்த தோழி என் முழங்கையைக் கிள்ளினாள். “வாயத் தொறக்காத. மிஷின் தப்புன்னா உனக்கு மறுபடி சான்ஸ் குடுப்பாங்க.”

விதியும் அப்படித்தான் இருந்தது. மாணவர் தவறென்றால் அந்த மாதிரிக்கு மதிப்பெண் இல்லை. இயந்திரத்தில் மொத்தம் இருபத்து நான்கு குழாய்கள், காய்ந்தது ஒன்றுதான். மேல் மூடி தளர்ந்திருந்தால் மற்றவையும் காய்ந்திருக்கும். மேடம் எப்போது எண்ணிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் எண்ணவில்லை. இன்னும் அந்த அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், அவர் மேல தப்பில்ல. மூடியில பொத்தல் இருக்கு. நான்தான் ஊக்கால குத்தினேன்.”

“எதுக்கு?”

“நம்பர் அழியக் கூடாதுன்னு.”

“இந்த வித்தையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

தோழி கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

“தோல் ஷாப்புல, மேடம். எங்கப்பா சுண்ணாம்புத் தொட்டியில வேல செய்றாரு. அங்க தோலுக்கு இப்படித்தான் அடையாளம் போடுவாங்க.”

தேர்வாளர்களில் ஒருவர் குழாயை வாங்கி லென்ஸில் பார்த்தார். “மூணு குத்து. மூணாவது குழாய். சரியாத்தான் இருக்கு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. மேடம் என் நோட்டை என் பக்கம் தள்ளி, “நடந்ததை அப்படியே எழுதுங்க” என்றார். எழுதினேன். மற்ற மூன்று முடிவுகளும் சரியாக வந்தன. மூன்றாவது வரி காலியாகவே போயிற்று.

ஐதராபாத் இடம் தோழிக்குக் கிடைத்தது. “சொன்னா கேக்கறியா நீ” என்று பஸ் ஸ்டாண்டில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு அழுதாள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “ஏம்மா, தோலுக்குள்ள தண்ணி ரொப்பியா வெக்கிறோம்? பொத்தல் போட்டா காயாம இன்னா பண்ணும்?”

அம்மாவிடம் இன்னும் ஒரு வருடம் கேட்டேன். தை மாதம் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள், “பொண்ணு படிக்குது” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்த கோடையில் மறுபடி விண்ணப்பித்தேன். தொழில் கட்டத்தில் இருப்பதை எழுதினேன். பயிற்சியில் இடம் கிடைத்தது. முதல் நாள் கொடுத்த விதித் தாளில் போன வருடம் பதினோரு விதிகள், இப்போது பன்னிரண்டு. கடைசி விதி: குழாய் மூடியில் ஊக்கு, ஊசி எதையும் குத்தக் கூடாது.

புதிதாக வந்த ஐந்து பேரும் அதைப் படித்துச் சிரித்தார்கள்.

“எவடி இப்படிக் குத்தியிருப்பா?”

இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான்தான்” என்றேன்.