அது கள்ள பெல்ட் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை நிலாவெளிக் கடற்கரையில் நான் கண்ட காட்சியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. ஐயோ, என் கார்! என் கண் முன்னால்... பொறுங்கள். முதலில் இருந்தே சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் இதே பத்தியில் கள்ளச் சாமான் பூட்டும் மெக்கானிக்குகளை விளாசித் தள்ளியிருந்தேன். வாசித்திருப்பீர்கள். என் காரின் எஞ்சின் பெல்ட் ஒரே மாதத்தில் இரண்டு தடவை அறுந்தது. இரண்டையும் பூட்டியவர் ஒரே ஆள். எனக்கு வந்ததே கோபம்! அசல் என்று சொல்லிக் கள்ள பெல்ட்டைப் பூட்டிவிட்டார் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. நாகரிகமான மனிதன் அல்லவா நான்? கப்பல்துறையில், மாமரத்தடிக் கராஜ் என்று மட்டும் குறிப்பிட்டேன்.

கப்பல்துறையில் மாமரத்தடியில் எத்தனை கராஜ் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றே ஒன்றுதான்.

பாராட்டுகள் குவிந்தன. "நல்லாக் குடுத்தீங்கள் சேர்" என்று சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூடச் சொன்னார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன ஜப்பான் கார்தான். ஆனால் சூப்பர்சார்ஜர் உள்ளது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற ஒரு பம்ப் அது. மிதித்தால் இழுவை அப்படி இருக்கும். அந்தப் பம்பைச் சுழற்றுவது ஒரு பெல்ட். எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அறுந்தால் கதை முடிந்தது. சூடேறிப் பாதையில் நின்றுவிடும்.

கள்ள பெல்ட் வேண்டாம் என்று மூன்றாவது பெல்ட்டை நானே கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். டவுனில் வேறொரு கராஜில் பூட்டினேன். நிம்மதி! சரியாகப் பதினோராவது நாள், உப்புவெளி நடுரோட்டில் — படார்! பொனட்டுக்குள் இருந்து ஆவி கிளம்பியது.

அசல் பெல்ட்டும் அறுந்துவிட்டதே... அப்படியென்றால் நான் எழுதியது?

டவுன் மெக்கானிக் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "என்னால ஏலாது சேர். இந்த எஞ்சின் தெரிஞ்ச ஆள் இஞ்ச ஒராள்தான். கப்பல்துறை யோகராசா."

யோகராசா யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாமரத்தடி ஆள்தான்.

எந்த முகத்தோடு போவது? வேறு வழி இல்லை, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக நாலைந்து வாகனம் நிற்கிற கராஜில் அன்று ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. யோகராசா கதிரையில் சும்மா இருந்தார். ஒரு வேலைநாளில், காலை பத்து மணிக்கு!

"வாங்கோ சேர்" என்று எழுந்தார்.

"யோகராசா... நான் எழுதினதை..." என்று இழுத்தேன்.

"ஓம், வாசிச்சனான். ஸ்கூல் வான்காரர் இப்ப வாறேல்ல. டொக்டரும் காரை வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டார். நான் கராஜை மூடிப்போட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போறன் சேர். அலுவலெல்லாம் பாத்தாச்சு." அவ்வளவுதான் சொன்னார். "பொனட்டைத் திறவுங்கோ, பாப்பம்."

நாலு தூசணம் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெல்ட் ஓடுகிற ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் இல்லை. இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே நேர்கோட்டில். பிறகு உள்ளே போய், முன்பு அறுந்த இரண்டு பெல்ட்டையும் எடுத்து வந்தார். எறியாமல் வைத்திருந்தார், மனிதர்! மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்கோ சேர். மூண்டும் ஒரே மாதிரித்தான் போயிருக்கு. உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குது, வெடிச்சும் இருக்கு. சூட்டில வழுக்கி எரிஞ்சது. நீங்கள் கடுமையா மிதிச்சு ஓடுறனீங்களோ?"

"நானோ? ஐம்பதுக்கு மேல போனால் மனிசி கத்துவா!"

மீட்டரைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "பெரிசா ஓடவும் இல்லை. ஆனா எஞ்சின் மணிக்கணக்காக் கத்தியிருக்கு. காத்துப் படாமல், நிண்ட இடத்தில நிண்டு கத்தியிருக்கு."

இதென்ன கதை? நிற்கிற கார் ஏன் கத்த வேண்டும்?

யோகராசா குனிந்து முன் சில்லுகளைப் பார்த்தார். வலப்பக்க நட்டுகளில் துருவேறிக் கறள். இடப்பக்க நட்டுகள் மட்டும் பளபளத்தன. "இந்தச் சில்லை ஆரோ அடிக்கடி கழட்டிப் பூட்டியிருக்கினம்" என்றார். மட்கார்டுக்குள் கையை விட்டு எதையோ சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மணல். நடுவில் ஒரு மீன் செதில்.

"காரை வேற ஆரும் எடுக்கிறவையோ?"

"மனிசியின்ர தம்பி ரமணன். நிலாவெளியில கரைவலை வைச்சிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையில மட்டும்... தன்ர பிள்ளையளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக..."

சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் இருந்த செதிலைத் திரும்பப் பார்த்தேன்.

யோகராசா புது பெல்ட் ஒன்றைப் பூட்டினார். ஞாயிறு காலை ரமணன் வழமை போல வந்து, "பின்னேரம் கொண்டு வாறன் அத்தான்" என்று காரை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்சம் விட்டு யோகராசாவின் மோட்டார் சைக்கிளில் நாங்கள் போனோம்.

கடற்கரையில் என் கார் ஜாக்கில் நின்றது. இடப்பக்க முன் சில்லைக் காணவில்லை! அந்த இடத்தில் உழவு இயந்திரத்தின் இரும்பு உருளையைப் பூட்டியிருந்தார்கள். கடலுக்குள் இருந்து வந்த கரைவலைக் கயிறு அதில் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றச் சில்லுகள் உருளாமல் பாறாங்கல் அண்டை. உள்ளே ரமணன், காலை அழுத்தி மிதித்தபடி. சூப்பர்சார்ஜர் வீரிட்டது. பொனட்டில் ஒருவரின் சாப்பாட்டுப் பார்சல் வேறு!

"அடப் பாவி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

யோகராசா ஓடிப்போய்த் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். ரமணனுக்கு வெட்கமா, பயமா? ஒன்றும் இல்லை. முகமெல்லாம் பெருமை.

"வலை இழுக்கிற உழவு மெசின் பழுது அத்தான். ரண்டு மாசமா இதுதான் இழுக்குது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல இழுவை! சூப்பர்சார்ஜர் யானையைக் கட்டினாலும் இழுக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னேன்தான். அவன் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

நான் யோகராசாவின் பக்கம் திரும்பினேன். "யோகராசா, விடமாட்டன்! இவன்ர பேரைப் போட்டு எழுதுறன். இந்தக் கிழமையே நாறடிக்கிறன்!"

யோகராசா காரின் அடியில் குந்தி, உருளையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வலை இழுத்தது அவர்தான் சேர். என்னைப் பற்றி எழுதினது அவரில்லையே."

இல்லை. எழுதியது நான். போய்ப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியது நான். மூன்று பெல்ட்டும் அசல். பூட்டிய யோகராசாவும் அசல்.

அவர் கட்டாருக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் அதற்கிடையில் ஒருக்கால் கப்பல்துறைப் பக்கம் போய் வாருங்கள்... தயவுசெய்து.