சத்தமில்லாமல் பார்த்த கால்பந்து

ஞாயிறுதோறும் தங்கை வீட்டில் கால்பந்து பார்க்க வரும் பஸ் டிரைவர் அண்ணன், கண் மங்கிய அவள் மாமியாருக்கு டிவி முன்னால் நல்ல நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுத் தரையில் உட்காருவார். மைதானத்தில் சண்டை வந்தால், பிள்ளைகள் காதில் கெட்ட வார்த்தை விழக்கூடாதென்று டிவி சத்தத்தை நிறுத்திவிடுவார். அந்த அமைதியில் அவர் திட்டுவதுதான் வீடு முழுக்கக் கேட்கும். தங்கையின் சின்ன மகள் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்.

"டிவி வாய மூடிட்டீங்க. உங்க வாய்க்கு ரிமோட் எங்கண்ணா?" என்றாள் தங்கை.

அடுத்த வாரம் அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு பார்த்தார். மாமா கத்தாத ஆட்டம் சப்பென்றிருக்க, பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். அவர் கத்துவதா, வாயடைத்திருப்பதா, எது நல்லதென்று தங்கைக்குப் பிடிபடவில்லை. சாமியிடம் கேட்டும் தெளியவில்லை.

வேலை மாற்றலாகி வேறு ஊர் கிளம்பிய அன்று அண்ணன் வாசலில் தங்கையிடம் சொன்னார்: "அங்க தனியாத்தாம்மா பாக்கணும். இஷ்டத்துக்குக் கத்தலாம். அதட்டத்தான் ஆளிருக்காது."