போன வருடத்துப் பூ

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது ஒரு நத்தார் கள்ளிச் செடியை என்னிடம் விட்டுப்போனாள். எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிறந்த லயத்து வீட்டு வாசலில் ஒடித்து வந்து, மாத்தளையில் எங்கள் வீட்டில் நட்டது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்தால் சிவப்பாகப் பூக்கும்.

தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். இலை துவண்டது. தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். டிசம்பரில் வேர் அழுகி, செடி கையோடு வந்துவிட்டது. குப்பையில் போட்டேன்.

அந்த வாரமே அவள் போனில் கேட்டாள்: "பூத்திருச்சாங்க? போட்டோ அனுப்புங்க."

போன வருடம் எடுத்த படத்தை அனுப்பினேன்.

இரவு அவள் குரல் பதிவு வந்தது. "படத்துல பின்னால கொடியில காயிறது என் நீல கவுனுங்க. அதத்தான் இப்ப இங்க உடுத்தியிருக்கேன்." திட்டவில்லை. "தண்ணி கூடிப்போயிருக்கும். அழுகாத துண்டு இருந்தா ரெண்டு நாள் காய வச்சு மணல்ல நடுங்க. வேர் புடிச்சா ஆடாது."

குப்பையைக் கிளறி, கிடைத்த ஒரே பச்சைத் துண்டை நட்டேன். இரண்டு மாதமாகிறது. எவ்வளவோ பேசுகிறோம், செடியைப் பற்றி மட்டும் அவள் கேட்பதில்லை.

தினமும் காலையில் அதை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். ஆடுகிறது.