குருவியும் மெழுகுவத்தியும்

பத்து வருடங்களுக்கு முன், நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ‘நிலக்கரிச் சுரங்கத்துக் குருவி’ என்ற ஆங்கிலத் தொடர்தான் அன்றைய பாடம்.

“விஷவாயுவை அறிய, அந்தக் காலத்துச் சுரங்கத்தில் குருவியைக் கூண்டோடு கொண்டுபோவார்கள். அது விழுந்தால் ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள். இப்போது எந்த முன்னெச்சரிக்கைக்கும் அப்படிச் சொல்கிறோம்.”

பக்கத்திலேயே, மாதக்கணக்கில் மூடிக்கிடந்த எங்கள் தரையடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்த முருகேசன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சும்மா நிக்கிறீங்களே, எறங்குங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதியிலேயே அணைந்துவிட்டது.

“காத்து சரியில்லைங்க. நீங்க குருவி கதை சொன்னப்ப நானும் கேட்டுக்கினுதாங்க இருந்தேன்.”

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வருடக்கணக்காக அந்தக் குருவிக்காகப் பரிதாபப்பட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அன்று கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தது நான்தான்.