பின்பக்கமாக வந்து நிற்கும் வண்டி

பாக்கியசீலனையும் மெட்டடார் வேனையும் ஆஸ்பத்திரி ஒரே மாதத்தில் கழித்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, வேனுக்குப் பதினாறு. அவருக்கு ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வேனை ஏலத்தில் விட்டார்கள். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டிய மனிதர் ஏலத்துக்குப் போனார். வேறு யாரும் வாய் திறக்காததால் வேனை அவரே எடுத்துக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தினார். 1996ஆம் வருஷம் ஜூன் மாதம் அது.

அவர் மனைவி சாலோமி அதே ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து முந்தின வருஷம் ஓய்வு பெற்றவள். வாசலில் வந்து வேனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சால்வையை மடிச்சுப் பெட்டியில வச்சாச்சு. இதை எங்கன மடிச்சு வைக்கதுக்கு?"

"தொழில் செய்யப் போறேன் சாலோமி. வீடு தேடிப் போய் வாட்டர் சர்வீஸ். லாரிக்கும் பஸ்சுக்கும் அடிக்கான்லா, அந்த மாதிரி தண்ணி பீய்ச்சி அடிச்சு மொட்டைமாடி, முத்தம், மதில் எல்லாம் கழுவிக் கொடுக்கது. ஊரெல்லாம் பாசி. கழுவத்தான் ஆளில்லை."

சாலோமி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வள்ளியூரில் அரிசி மில் வைத்திருந்த அவள் தம்பி ஹெப்ரான் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமையே காரில் வந்து இறங்கி, கறிக்குழம்பு சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"அத்தான், கிறிஸ்துமஸ் வரைக்கும் உங்க வண்டியை உருட்டிப் பாருங்க. ஓடலைன்னா ஜனவரி ரெண்டாந்தேதி நம்ம மில்லுக்கு வந்துருங்க. கேட்டுல ஒரு முக்காலி போட்டிருக்கேன். ஒரு விசில், ஒரு டார்ச். ராஜா மாதிரி உக்காந்திருக்கலாம்."

அந்த முக்காலியை பாக்கியசீலன் பார்த்திருக்கிறார். தவிடு படிந்து, ஒரு கால் குட்டையாக இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவன் ஹெப்ரானின் கார் வரும்போதெல்லாம் எழுந்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். கலெக்டர் ஜீப்பையே ஓரம் கட்டச் சொல்லிப் போன மனிதர் அவர். மச்சினன் காருக்கு சல்யூட் அடிக்க அவர் கை எழும்பாது.

வேலையைத் தொடங்கினார். வண்ணார்பேட்டையில் மூடிப்போன ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் பம்ப் கிடைத்தது. ஏரலில் ஒரு வாழைத்தோட்டக்காரர் போட்டு வைத்திருந்த டீசல் இன்ஜின் கிடைத்தது. ஸ்ட்ரெச்சர் ஓடும் தண்டவாளங்களை அவர் கழற்றவில்லை. இன்ஜினையும் பம்பையும் அதன்மேல் ஏற்றினார். வேலை செய்யும்போது ஸ்ட்ரெச்சரை இழுப்பது போலவே வெளியே இழுத்துக்கொள்ளலாம். குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியில் ஹோஸைச் சுருட்டி மாட்டினார். ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், பின்கதவை ஒட்டி வைத்தார். ஹோஸ் நீளம் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு.

தொட்டி நிறையத் தண்ணீரோடு ஈரடுக்குப் பாலத்தில் ஏறினார். பாதி ஏற்றத்தில் ஸ்டீயரிங் கையில் பஞ்சாக மாறியது. முன்சக்கரம் ரோட்டைத் தொடுகிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எப்படியோ இறங்கி வீடு வந்து சேர்ந்தார்.

சாலோமி பின்கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் ஆளை ஏத்தினவருக்கு இது தெரியாதா? தலை முன்னாடி, காலு பின்னாடி. கனத்தை முன்னாடி வைங்க. ஒரு பெரிய தொட்டியில தண்ணி அலம்பும், ரெண்டு சின்னத் தொட்டியா வச்சு இறுக்கிக் கட்டுங்க."

அதன்பிறகு வண்டி ஒழுங்காக ஓடியது. பிழைப்புதான் ஓடவில்லை.

காரணம் பெயிண்டும் பழக்கமும். வெள்ளை வேனுக்கு நீலப் பெயிண்ட் இரண்டு தடவை அடித்தும் அடியில் இருந்த சிவப்புச் சிலுவை ஊதா நிறத்தில் எட்டிப் பார்த்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாக்கியசீலன் வண்டி நிறுத்தும் விதம்தான் ஜனங்களால் தாங்க முடியவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவார். இறங்கியதும் முதல் வேலையாகப் பின்கதவை அகலத் திறப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டு, தணிந்த குரலில், "எந்த ரூம்ல?" என்பார்.

முதல் வீட்டில் அவர் இப்படிக் கேட்டவுடன் அந்த வீட்டு அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் நூர்முகம்மது கொஞ்சம் தைரியமானவர். "நம்ம வீட்டு மொட்டைமாடி நல்லாத்தான் இருக்கு, நீங்க போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு உடனே, "வர வேண்டாம், போங்க," என்று திருத்திக்கொண்டார்.

சாலோமி முற்றத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். "மூஞ்சியை முன்னாடி வச்சு வாங்க. வண்டி மூஞ்சியைச் சொல்லுதேன். இறங்கி, சிரிச்சுக்கிட்டே, 'வணக்கம், பாசி எங்கன இருக்கு?'ன்னு கேக்கணும். சொல்லுங்க பாப்போம்."

"வணக்கம்… எந்த ரூம்ல?"

"விளங்கும்."

அக்டோபர் முடிகிற வரை ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை. ஹெப்ரான் போனில், "விசில் புதுசா வாங்கிட்டேன் அத்தான்," என்றான்.

நவம்பர் முதல் வாரத்தில் பெருமாள்புரத்திலிருந்து ஒரு போன் வந்தது. விஜயஸ்ரீ என்று ஒரு பெண். பம்பாயிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதனால் அந்த வேனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மகள் மதுமதிக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மழையில் முற்றமெல்லாம் பாசி பிடித்து வழுக்குகிறது. வந்து கழுவ முடியுமா?

பாக்கியசீலன் சாக்பீஸ் கோட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் போனார். தெருவைக் கண்டதும் கை தானாக ஸ்டீயரிங்கை ஒடித்தது. வண்டி பின்பக்கமாகப் போய் வாசற்படியை முட்டாத குறையாக நின்றது. கதவும் திறந்தது. வாயை மட்டும் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார். சிரித்தபடி, "பாசி எங்கன இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

விஜயஸ்ரீ முற்றத்தைக் காட்டினாள். இன்ஜின் போட்ட சத்தத்தில் தெருவில் நடந்த எதுவும் உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

தெருவில் நடந்தது இது. எதிர்வீட்டு காந்திமதிநாதன் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தார். விஜயஸ்ரீயின் மாமனார் தாணுமாலையன், எண்பத்திரண்டு வயது, ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. விஜயஸ்ரீ ஊருக்கு வருவதற்கு முன்பே இரண்டு முறை இதே வேனில், இதே பாக்கியசீலன்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். காந்திமதிநாதனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. முதலில் ஏரலில் இருக்கும் தாணுமாலையனின் தங்கை சொர்ணாம்பாளுக்கு போன் செய்தார். பிறகு மாலை வாங்கக் கிளம்பினார்.

உள்ளே தாணுமாலையனுக்கு இன்ஜின் சத்தத்தில் விழிப்பு வந்தது. தன்னைத் தூக்கி முன்வராந்தாவில் நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். தெறிக்கிற தண்ணீருக்காகத் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பாக்கியசீலனைப் பார்த்தார்.

"வாரும்வே. கழுவ வந்தீரா, எடுத்துட்டுப் போக வந்தீரா?"

"கழுவத்தான் ஐயா."

"அப்ப நடத்தும்."

ஹோஸ் முனையில் துப்பாக்கி மாதிரி இருந்த கன்னிலிருந்து தண்ணீர் விசிறியடித்தது. ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் பாசி மட்டும் போகும், ஒட்டிப் பிடித்தால் தரைப் பூச்சும் சேர்ந்து போகும். பாக்கியசீலன் அளவாகப் பிடித்தார். கறுப்பாகக் கிடந்த தரையில் சிவப்பு நிறம் கோடு கோடாக வெளியே வந்தது. கிழவர் சினிமா பார்ப்பது போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு வாடகைக் கார் ஒன்று வந்தது. சொர்ணாம்பாள் காரிலிருந்து இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் ஏழு பேர்.

"என்னப் பெத்த அண்ணாச்சி! ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியளே! அம்மா வச்சிருந்த பித்தளை அண்டாவைத் தாரேன் தாரேன்னு சொல்லி, தராமலே போயிட்டியளே!"

பாக்கியசீலன் இன்ஜினை நிறுத்தினார்.

"அண்டா மச்சுலதான் கிடக்கு," என்று துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "போகும்போது எடுத்துட்டுப் போ."

சொர்ணாம்பாள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து காந்திமதிநாதன் ஆளுயர ரோஜா மாலையோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னவே காந்திமதிநாதன், மாலை யாருக்குவே?" என்றார் தாணுமாலையன்.

காந்திமதிநாதன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். கடைசியில், "நிச்சயதார்த்தத்துக்கு," என்றார்.

"அது அடுத்த வாரம்வே."

விஜயஸ்ரீக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. வண்டியைப் பார்த்தாள், ஊதாச் சிலுவையைப் பார்த்தாள், முகம் சிவந்தது. "நிச்சயத்துக்கு முன்னால வாசல்ல ஆம்புலன்ஸ்! எல்லாத்தையும் எடுத்துட்டு இப்பவே கிளம்புங்க."

பாதி முற்றம் சிவப்பு, பாதி கறுப்பு. பாக்கியசீலன் ஹோஸைச் சுருட்டத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றிலும் வள்ளியூர் முக்காலி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. குட்டைக் கால்கூடக் கண்ணில் தெரிந்தது.

"நில்லும்வே," என்றார் தாணுமாலையன். "எம்மா விஜயா, எனக்கு ஐப்பசியில கண்டம்னு அந்த ஜோசியன் சொன்னானா இல்லையா?"

"சொன்னாவ மாமா. அதுக்கு?"

"இது ஐப்பசி. வண்டி வந்துட்டு. பின்பக்கமா வந்து நின்னுட்டு. ஒப்பாரி வச்சாச்சு, மாலையும் வந்துட்டு. ஆளு மட்டும் போகலை. கண்டம் கழிஞ்சு போச்சுட்டீ! இனி எமன் வந்தாலும், 'ஏற்கனவே வந்துட்டுப் போயாச்சே'ன்னு சொல்லிருவேன். காந்தி, அந்த மாலையை வண்டிக்குப் போடும். பாக்கியசீலன், மிச்சப் பாதியைக் கழுவும்வே."

சொர்ணாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுவும் சரிதான்," என்றாள். அண்டாவைக் கையோடு இறக்கி முற்றத்தில் வைத்து அதையும் கழுவி வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் இந்தச் செய்தி பெருமாள்புரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் முதியவர் படுத்திருக்கிறார், ஜாதகத்தில் கண்டம் இருக்கிறது என்றால் உடனே பாக்கியசீலனுக்கு போன் வந்தது. எல்லோரும் முற்றம் கழுவத்தான் கூப்பிட்டார்கள். முடிக்கும்போது மட்டும் குரல் தணியும்: "வரும்போது… அந்தப் பின்பக்கமாவே வந்துருங்க அண்ணாச்சி."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் பாக்கியசீலனுக்கு மனசு உறுத்தியது. "கண்டம் கழிக்க நான் யாருளா? நான் பாசி கழுவுதவன்."

"பாசியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு வந்த கிழடுகளை எத்தனை தடவை ஏத்தியிருக்கிய?" என்றாள் சாலோமி. "அதுல எத்தனை பேரு நடந்து வீட்டுக்குப் போனாவ? பாசி போனா கண்டம் போனதுதான். காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

முற்றத்துச் சாக்பீஸ் கோட்டை அவளே தண்ணீர் ஊற்றி அழித்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஹெப்ரானின் போன் வந்தது. விசில் பேச்சே இல்லை. "அத்தான், என் மாமனாருக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. இங்கன நம்ம வீட்லதான் இருக்காவ. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது பாத்துக்கிடுங்க. மில்லு முத்தத்தைக் கழுவணும், அவ்வளவுதான்." பிறகு குரலைத் தணித்தான். "வீட்டு வாசல் வழியாவே வந்துருங்க. பின்பக்கமா."

"ஜனவரி ரெண்டாந்தேதிதான் எனக்கு நேரம் இருக்கு மாப்பிள்ளை," என்றார் பாக்கியசீலன்.

சொன்ன தேதியில் போனார். வீட்டு வாசலில் பின்பக்கமாக நிறுத்தி, கதவை அகலத் திறந்து வைத்தார். ஹெப்ரானின் மாமனார் ஜன்னல் வழியாகப் பார்த்து, "நான் வரலை!" என்று இழுப்பையும் மீறிக் கத்தினார். அதற்குப் பிறகு மில் முற்றம், களம், கேட் என்று வரிசையாகக் கழுவி முடித்தார். கடைசியில் முக்காலி மிச்சம் இருந்தது.

ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டிய மனிதர் ஒரு சாண் தூரத்தில் போய் நின்று கன்னை அழுத்தினார். தவிடு போனது. பெயிண்ட் போனது. முக்காலி குட்டைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, களத்தைத் தாண்டி, சாக்கடை ஓரம் வரைக்கும் உருண்டது. பாக்கியசீலன் ஹோஸை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"அத்தான், போதும்! சுத்தமாயிட்டு!" என்று ஹெப்ரான் ஓடி வந்தான்.

"இரி மாப்பிள்ளை," என்றார் பாக்கியசீலன் விரலை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கு."